தைத்து வைத்த அத்தியாயம்

எழுத்தாளர் கடிதத்தை எழுதி முடித்ததும் அதற்கு ஒரு தலைப்பு வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். தலைப்பு வைத்தே பழகிய கை. தேதியும் கையெழுத்தும் இருந்தால் போதும் சார் என்றேன். எண்பது வயதுக்கு அவர் கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. மேசை முழுக்க மருந்து அட்டைகள், ஒரு பூதக்கண்ணாடி, பாதி குடித்து ஆறிப்போன தேநீர். சுவரில் கூரை வரைக்கும் புத்தகங்கள். அதில் ஒரு வரிசை முழுவதும் அவருடைய அந்த ஒரே நாவல்தான் வெவ்வேறு அட்டைகளில் நின்றது. என் அப்பா ஒன்பது பதிப்பு கண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்து இந்த வருடத்தோடு ஐம்பது வருடம் ஆகிறது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு மில்லுக்குள்ளேயே ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டார்கள். போலீஸ் வெளியே நின்றது. பத்தாம் நாள் காலையில் பக்கவாட்டுச் சின்ன கேட் திறந்திருந்தது. போலீஸ் அந்த வழியாக உள்ளே வந்து சுட்டது. பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பதினொன்றாவதாகச் செத்தவர் என் அப்பா, மில்லின் வாட்ச்மேன். சின்ன கேட்டுக்குப் பக்கத்தில், இடுப்பில் சாவிக்கொத்தோடு கிடந்தார். எனக்கு அப்போது நான்கு வயது. கேட்டைத் திறந்தது யார் என்று விசாரணை வைத்தார்கள், கடைசியில் தெரியவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அப்பாவைச் சந்தேகப்பட்டார்கள், மீதிப் பேர் மறந்துபோனார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து எழுத்தாளர் வந்து எல்லோருடைய சந்தேகத்தையும் தீர்த்து வைத்தார். தன் நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அப்பாவை மேனேஜர் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் தேநீரைக் கொடுத்து, நிரந்தர வேலைக்கு ஆசை காட்டி, கேட்டைத் திறக்க வைத்தார். பெயரையாவது மாற்றியிருக்கலாம். இனிஷியலோடு அப்படியே போட்டிருந்தார்.

அதை நான் கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

"கேட் தொறந்திருந்துச்சு. அப்ப ஒரு கை தொறந்திருக்கணும்ல? கதைக்கு ஒரு கை வேணும்மா. பழைய பேப்பர்ல உங்கப்பா பேரு இருந்துது. வீட்டு ஆளுங்க யாரும் மிச்சம் இருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

"நாங்க அதே தெருவுலதான் சார் இருக்கோம். பஸ்ல வந்தா அரை மணி நேரம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டுவதற்கு இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவரிடம் அவற்றில் ஒன்றைக்கூட எடுக்க மனம் வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நாவல் வந்த வருடம் எனக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டும் வேலைக்கு அப்போதே வந்துவிட்டேன். நாற்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு மெஷினை ஓட்ட வேண்டும். அட்டை அரை அங்குலம் நகர்ந்தால் நாற்பது சட்டையும் கோணல். கூட வேலை செய்கிற ஒருத்தி, "உங்கப்பாவைப் பத்தி புக்கு வந்திருக்காமே" என்று வாங்கிவந்து கொடுத்தாள். அவளும் படித்திருக்கவில்லை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

ஏழாம் அத்தியாயம் வரைக்கும் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஏழாம் அத்தியாயத்தில் வாட்ச்மேன் தன் சின்ன மகளை ஒரு பழைய செய்தித்தாள் மேல் நிற்க வைக்கிறார். கூச்சத்தில் அவள் விரலை மடக்குகிறாள். அவர் அவள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் வெட்டி, செருப்புக் கடையில் அளவு காட்டுவதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். இரண்டு பக்கம்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அதைப் படித்த நிமிடத்தில் உள்ளங்காலில் பென்சில் ஊர்ந்ததை உணர்ந்தேன். நிஜமாகவே உணர்ந்தேன். அம்மாவிடம், "இது நடந்துதாம்மா?" என்று கேட்டேன். அம்மா கையிலிருந்த சட்டையில் நூலை அறுத்துவிட்டு, "நீலப் பென்சில்" என்றாள். புத்தகத்தில் பென்சிலுக்கு நிறமே இல்லை. அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அம்மா தூங்கிய பிறகு மீதியை நானே படித்தேன். பத்தொன்பதை மட்டும் திரும்பத் திரும்ப மூன்று தரம் படித்தேன். மறுநாள் அம்மா, "மேல படி" என்றதும், பதினெட்டிலிருந்து இருபதுக்குத் தாவினேன். இருபதில் அப்பா செத்துக் கிடக்கிறார். பையில் அந்தக் காகிதப் பாதம், நடுவில் குண்டு துளைத்த ஓட்டை. அம்மா அழுதாள், நானும் அழுதேன். பிறகு யாராவது விருந்தாளி எடுத்துப் படித்துவிடக் கூடாதே என்று பத்தொன்பதாம் அத்தியாயத்தின் பதினாறு பக்கங்களையும் சேர்த்து ஓரத்தில் இரட்டை நூலால் நெருக்கமாகத் தைத்துவிட்டேன். தையல்காரியின் புத்தி அப்படித்தான் போகும். பக்கங்களைக் கிழிப்பதற்கு மனம் வரவில்லை. அப்பாவின் பெயர் அவற்றிலும் இருந்தது.

அப்படியே இருபத்திரண்டு வருடம் ஓட்டினோம். அம்மாவுக்குத் தெரிந்தவரை அது அவள் புருஷனைப் புகழ்ந்து எழுதிய புத்தகம். அதைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைத்துத்தான் அவள் என்னை வளர்த்தாள். இப்போதும் பார்வை மங்கிய கண்ணோடு தடவித் தடவித் தைக்கிறாள். தைத்துக்கொண்டே ஏழாம் அத்தியாயத்தைச் சொல்வாள். வருடத்துக்கு வருடம் அது வளர்ந்தது. செய்தித்தாள் ஈரமாக இருந்தது, நான் சிரித்தேன், அப்பா என் காலைப் பிடித்து அசையாமல் நிற்க வைத்தார். நானும் பட்டறையில் புதிதாக வருகிறவர்களிடம், எங்கள் குடும்பத்தில் முதல் அளவு அட்டையை வெட்டியது எங்கப்பா என்று பெருமை அடித்திருக்கிறேன். என் மகளுக்கு முதல் செருப்பு வாங்கும்போது அவள் பாதத்தையும் தாளில் வரைந்து வெட்டினேன். வெளியே மட்டும் நாங்கள் காட்டிக்கொடுத்தவன் குடும்பம். எதிர்வீட்டில் அதைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். அம்மாவுக்கு ஒரு காது கேட்காதது வசதியாகப் போயிற்று.

போன மாதம்தான் மில் இருந்த இடத்தில் நினைவுத் தூண் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. தூணில் செத்தவர்களின் பெயர்கள் இருக்கும், திறப்பு விழா அன்று ஒவ்வொரு பெயரையும் மேடையில் வாசிப்பார்கள். அம்மா அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிட்டாள். முன்வரிசையில் உட்கார வேண்டும், கேட்கிற காது மேடைப் பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நான் கமிட்டிச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார்; அவருடைய அப்பாவும் பத்துப் பேரில் ஒருவர். சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு நாவலை மேசைமேல் எடுத்து வைத்தார். பத்துக் குடும்பமும் சம்மதிக்க வேண்டும், அவர்களுக்கு இந்தப் புத்தகம்தான் சாட்சி, எழுதியவரே இது கற்பனை என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கல்லில் பதினொன்றாவது பெயருக்கு இடம் விட்டு வைக்கச் சொல்கிறேன், திங்கட்கிழமைக்குள் கடிதம் வரவேண்டும் என்றார். எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். கடிதத்தை மேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி முழுசாக வாசிப்பார்கள், ஊருக்கு முன்னால் விழுந்த பழி ஊருக்கு முன்னால்தான் தீரவேண்டும்.

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் முன்வரிசையில் உட்காரப்போகும் அம்மாவின் கேட்கிற காது ஞாபகம் வந்தது.

அதனால்தான் எழுத்தாளர் அறையில் அந்தக் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்ததற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் நாவலில் வருகிற அனைத்தும் என் கற்பனையே என்று எழுதியிருந்தார். அனைத்தும் என்ற சொல்லில் என் விரல் நின்றது.

"ஏழாம் அத்தியாயத்துல அந்தப் பாதம் வரையறது, அதை மட்டும் விட்டுட்டு எழுத முடியுமா சார்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல இருந்தது.

"ஏம்மா?"

"அது நடந்துது சார். எங்கம்மா சொல்லியிருக்காங்க. நீலப் பென்சில்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்.

"அது என் பொண்ணோட பாதம்மா. அவ சின்னதா இருந்தப்ப அப்படி வரைஞ்சுதான் செருப்பு வாங்கினோம். அவ இப்ப என்கிட்ட பேசறதில்ல." பூதக்கண்ணாடியை நகர்த்தி வைத்துவிட்டு, "ஒண்ணை மட்டும் உண்மைன்னு விட்டா, மத்தது எது உண்மைன்னு கேப்பாங்க. உங்கப்பா பேருக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

நான் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலின் உள்ளங்காலை மற்ற காலின் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்பா செத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு நஷ்டம் ஆகியிருக்காது என்று தோன்றியது. அன்று எனக்கு விவரம் தெரியாது, இப்போது தெரிந்தே போகிறது.

மேடையில் ஒலிபெருக்கியில் கேட்பதைவிட அம்மா என் வாயால் கேட்பதே மேல் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா பித்தான் டப்பாவோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைத் துணியிலிருந்து எடுத்து, தையல் பிரிக்கிற கத்தியால் நூலை ஒவ்வொரு முடிச்சாக அறுத்தேன். அம்மா சத்தம் கேட்டு, என்ன கிழிக்கிறே என்றாள். கிழிக்கவில்லை, பிரிக்கிறேன் என்றேன். கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் படித்தேன். மேனேஜர் அறை, நாற்காலி, தேநீர், நிரந்தர வேலை, விடியற்காலை, சாவி, சின்ன கேட். பதினாறு பக்கத்தையும் படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் நிறுத்தி நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் தைக்கவும் இல்லை.

முடிந்ததும், இதெல்லாம் அவர் இட்டுக்கட்டியது, அப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார், இதோ கடிதம், அப்பா பெயர் கல்லில் வந்துவிடும் என்று வேகவேகமாகச் சொன்னேன்.

அம்மா கடிதத்தைப் பார்க்கவில்லை. "அந்த ஆளுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. கற்பனை."

"மேனேஜர் ரூம் இல்ல" என்றாள் அம்மா. "நம்ம வீட்டு வாசல். சுட்டதுக்கு மொத நாள் சாயங்காலம். மஃப்டில ரெண்டு பேரு வந்தாங்க."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அம்மா பித்தான் டப்பாவை மூடினாள், பிறகு திறந்தாள். அவள் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். வாட்ச்மேன் என்பதால் போலீஸ் விட, எங்களைப் பார்த்துவிட்டுப் போக அப்பா அரை மணி நேரம் வீட்டுக்கு வந்திருந்தார். சங்கத் தலைவர் அவரை நம்பித்தான் சின்ன கேட் சாவியை அவரிடமே விட்டிருந்தார். வந்தவர்கள் இரண்டு பேரும் மரியாதையாகப் பேசினார்கள். தலைவரை மட்டும் பிடித்துக்கொண்டு போவோம், ஒருத்தர்மேலும் கீறல் படாது, மில் மறுநாளே ஓடும் என்றார்கள். அப்பா முடியாது என்றுதான் சொன்னார். அவர்கள் போன பிறகும் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "தொறந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்துருங்கன்னு சொன்னேன். சொன்னதுல பாதிதான் செஞ்சாரு."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அம்மாவைத் தொட வேண்டும்போல இருந்தது, அறைய வேண்டும்போலவும் இருந்தது. பத்துப் பேர். அந்தப் பத்து வீட்டுப் பெண்களுக்கும் இவள் ஐம்பது வருடமாகத் தெருக் குழாயில் இடம் விட்டு நின்றிருக்கிறாள். நான் அதைப் பயம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் என் வாயில் வந்ததோ அதுவல்ல.

"அப்ப அந்தப் பென்சில்?"

"உனக்கு அவரு செருப்பே வாங்கினதில்லம்மா." அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "நீ அவ்வளவு ஆசையா கேட்டே. கேட்டுக்கிட்டே இருந்தே. ஏதாவது சொல்லணும்ல."

சாயங்காலம் வரை அம்மா நாலு சட்டைக்குப் பித்தான் தைத்தாள். இரண்டு சட்டையில் பித்தான்கள் இடம் மாறியிருந்தன. நான் பிரித்துத் திரும்பத் தைத்தேன். படுக்கப் போகும்போது, விழாவுக்கு வர்றியாம்மா என்று மட்டும் கேட்டேன். அவள் கேட்கிற காதைத் தலையணையில் அழுத்தித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பட்டறைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, செயலாளர் வரச் சொன்ன கல்பட்டறைக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் தூண் படுத்த வாக்கில் இருந்தது. நான் உயரமாக நிற்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்த தூண், கட்டைகள் மேல் நீட்டிப் படுத்திருந்தது. பத்துப் பெயர்களும் வெட்டி முடிந்திருந்தன. பத்தாவதுக்குக் கீழே கல்வெட்டுகிறவர் இரண்டு கோடு போட்டு இடம் விட்டிருந்தார். செயலாளர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், அவர் கை நீட்டியதும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கை என்னைக் கேட்கவே இல்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து படித்தார். ஒரு தரம் படித்துவிட்டு இரண்டாம் தரமும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அறுபது வயது மனிதர், வாத்தியாராக இருந்தவர், கல்வெட்டுகிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்து அழுதார்.

"பள்ளிக்கூடத்துல உன்னைக் கல்லால அடிச்சது ஞாபகம் இருக்கா? அது நான்தான். உங்கப்பனாலதான் எங்கப்பா செத்தாருன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். என்னை மன்னிச்சிரும்மா."

அந்தக் கல் பட்ட தழும்பு இன்னும் என் புருவத்துக்கு மேலே இருக்கிறது. ஐம்பது வருடத்தில் எங்களிடம் ஒருத்தர் மன்னிப்புக் கேட்கிறார். சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டாமா என்று இன்னொரு குரல். மனிதர்கள் முகத்துக்கு நேராக நின்று இப்படிக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "அண்ணே" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. என் கையை இழுத்துக்கொள்ளத் தெரியாமல் நின்றேன்.

கல்வெட்டுகிறவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெயரை ஒரு தடவை எழுதிக் காட்டினால் நல்லது, கல்லில் வெட்டிவிட்டால் அழிக்க முடியாது என்றார். என்னிடம் சாக்பீஸை நீட்டினார். அதன்பிறகு ஒரு ஈரத் துணியால் தூணின் அந்தப் பக்கத்தைத் தூசி போகத் துடைத்தார். பத்துப் பெயர்களும் கறுத்துப் பளபளத்தன. நான் கல் பக்கத்தில் மண்டியிட்டேன். துணிமேல் ஆயிரம் கோடு போட்ட கை. சாக்பீஸைக் கோட்டுக்கு மேலே வைத்து இழுத்தேன், ஒன்றும் விழவில்லை.

"ஈரத்துல புடிக்காதும்மா. காயட்டும்" என்றார் கல்வெட்டுகிறவர்.

அவர் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். செயலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பின்னால் நின்றார். கொட்டகைத் தகரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கல்லின் ஓரங்கள் முதலில் வெளுத்தன. அங்கிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டும் கறுப்பாக மிஞ்சி நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.